மடிக்கணினியா? மேசைக் கணினியா?



தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதம் வந்துவிட்டால் இப்பகுதிக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடுகிறது. எந்தக் கல்லூரி, எந்தப் பாடம், விடுதியில் சேர்க்கலாமா என்று தொடங்கும் கேள்விகள், கடைசியில் 'பிள்ளைக்குக் கணினி வாங்க வேண்டும், எதை வாங்குவது?' என்பதில் வந்து நிற்கின்றன. இம்முறை ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய கணவர் சவூதியில் பணிபுரிகிறார். 40,000 ரூபாய் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். மூத்த மகனுக்குச் சென்னையில் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. அடுத்தவள் பதினொன்றாம் வகுப்பு. கடைசிப் பெண் ஏழாம் வகுப்பு. "ஹஜ்ரத், மடிக்கணினியா, மேசைக் கணினியா? ஒரே வரியில் பதில் எழுதிவிடுங்கள்" என்று கேட்டிருக்கிறார்.

ஒரே வரியில் எழுத எனக்குத் துணிவில்லை. ஏறத்தாழ இதே தொகையை வைத்துக்கொண்டு, இதே கேள்விக்கு ஒருமுறை நான் ஒரே வரியில் பதில் சொல்லித் தவறு செய்திருக்கிறேன். அந்தத் தவறு நடந்தது என் சொந்த வீட்டில்தான்.

நான் மதரஸாவில் ஓதிக்கொடுப்பவன். கல்லூரியில் பயின்றது வரலாறு. கணினி என்ற ஒன்றை முதன்முதலாக நான் கண்டது 1990களின் பிற்பகுதியில், பள்ளிக்கூடத்தில். அந்த அறைக்கு மட்டும் குளிர்சாதன வசதி. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு வரிசையாக உள்ளே செல்வோம். தூசி பட்டால் இயந்திரம் கெட்டுவிடும் என்று அச்சுறுத்தி வைத்திருந்தார்கள். இன்று எங்கள் வீட்டில் மீன் பொரிக்கும் அடுப்பங்கரையை ஒட்டிய அறையில் ஒரு கணினி இயங்கிக்கொண்டிருக்கிறது! ஆகவே பொறியாளரைப் போலப் பேச எனக்குத் தகுதியில்லை; பட்டுத் தெரிந்துகொண்டவன் என்ற முறையிலேயே எழுதுகிறேன்.

2022ஆம் ஆண்டு என் மகனுக்கு வெளியூரில் பொறியியல் படிக்க இடம் கிடைத்தது. வீட்டில் சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணமும், ஒரு ஜோடி வளையலை விற்ற பணமுமாக 42,000 ரூபாய் கையில் இருந்தது. "மடிக்கணினி வாங்கிவிடுவோம், எல்லோருக்கும் பொதுவாக இருக்கும்" என்றேன். அதுதான் அந்த ஒரு வரி. வாங்கினோம். ஒரு மாதத்தில் மகன் விடுதிக்குப் புறப்பட்டான். அவனுடைய பெட்டிக்குள் அந்தப் பொதுச் சொத்தும் புறப்பட்டது. அது அவனுடைய குற்றமன்று. விடுதிக்குச் செல்லும் பிள்ளை அதை விட்டுவிட்டா செல்வான்?

அந்த ஆண்டு என் மகள் பதினொன்றாம் வகுப்பில் வணிகவியலோடு கணினிப் பயன்பாடு என்ற பாடத்தையும் எடுத்திருந்தாள். பள்ளிக் கூடத்து ஆய்வகத்தில் இரண்டு பேருக்கு ஒரு கணினி. வாரத்தில் சில மணி நேரம். வீட்டில் அவளுக்கு இருந்தது அவளுடைய உம்மாவின் கைப்பேசி. அந்தச் சிறிய திரையில் கணக்கு அட்டவணைகளைப் பார்த்துப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வாள். ஒருநாள், "கணினியில் போட்டுப் பார்த்தால் எளிதாகப் புரியுமே" என்று நான் அறியாமல் சொல்லிவிட்டேன். "காக்கா லீவுக்கு வந்தால்தானே வாப்பா?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அடம் பிடிக்கவுமில்லை, அழவுமில்லை. கேட்கிற பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, கேட்காத பிள்ளைக்குத் தேவையில்லை என்று முடிவு கட்டிவிட்டோமே என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு ஆண்டுகள் அவள் அப்படியே படித்து முடித்தாள்.

ஆகவே, சகோதரியே, எந்த இயந்திரம் சிறந்தது என்று கேட்பதற்கு முன்னால், அது யாரிடம் இருக்கப் போகிறது என்று கேளுங்கள். மடிக்கணினிக்குக் கால் உண்டு; அது தன்னைத் தூக்கிச் செல்பவருக்கே சொந்தமாகும். மேசைக் கணினி வீட்டைவிட்டு நகராது. வீட்டில் இருப்பவர்களுக்கே அது சொந்தம்.

இனிப் பணக் கணக்குக்கு வருவோம். ஒரே தொகைக்கு மேசைக் கணினியில் கூடுதல் வேகம் கிடைக்கும் என்பது பொதுவான உண்மை. மடிக்கணினிக்குள் திரை, பேட்டரி, விசைப்பலகை எல்லாவற்றையும் மெல்லிய ஓர் உடலுக்குள் அடக்க வேண்டியிருக்கிறது. அந்த அடக்கத்திற்கும் நாம்தான் விலை கொடுக்கிறோம். மேலும் வெப்பம் வெளியேற இடமில்லாததால் அதன் பிராசஸரைக் குறைந்த மின்சாரத்தில் கட்டி வைக்கிறார்கள். இன்டெல் ஐ5 எட்டாம் தலைமுறையை எடுத்துக்கொள்ளுங்கள்: மேசைக் கணினிகளில் வந்த 8500 என்பது 65 வாட் அளவுக்கு வடிவமைக்கப்பட்டது, மடிக்கணினிகளில் வந்த 8250யூ என்பது 15 வாட் அளவுக்கு. இரண்டுக்கும் பெட்டியின் மேல் 'ஐ5' என்றே ஒட்டியிருக்கும்.

குறைந்த விலையில் கிடைக்கும் புதிய மடிக்கணினிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். 2024இல் நான் கடை கடையாக ஏறியபோது, 25,000 ரூபாய்க்குக் கீழே காட்டப்பட்டவை பெரும்பாலும் செலிரான் வகையைச் சேர்ந்தவை. ரேம் 4 ஜி.பி.; அதுவும் பலகையோடு பற்ற வைக்கப்பட்டது; பின்னர் கூட்ட வழியில்லை. செலிரான், பென்டியம் என்ற பெயர்களை 2023 முதல் புதிய மடிக்கணினிகளில் கைவிட்டு, வெறுமனே 'இன்டெல் பிராசஸர்' என்று அச்சிடும் வழக்கத்தை அந்நிறுவனம் கொண்டுவந்தது. பெயரில் மதிப்புக் கூடியதே தவிர, அது அடிமட்ட வரிசைதான். பளபளப்பான மேலுறையைக் கண்டு மயங்கி இதை வாங்கியவர்கள், ஆறு மாதத்தில் 'ஏன் இப்படி நகர்கிறது?' என்று சலித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். இன்றைய நிலையில் 8 ஜி.பி. ரேமும், சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யும் இல்லாத எதையும், அது மடியில் வைப்பதாயினும் மேசையில் வைப்பதாயினும், வாங்க வேண்டாம்.

2024 ஜூன் மாதம் மகள் பி.காம். சேர்ந்தபோது வீட்டுக்கென்று மேசைக் கணினி வாங்கினேன். புதியது வாங்கும் சக்தி எனக்கு இல்லை. பெரிய அலுவலகங்கள் நான்கைந்து ஆண்டுகள் பயன்படுத்திவிட்டுக் கழித்துவிடும் கணினிகளைச் சீர்செய்து விற்கிறார்கள். ரீபர்பிஷ்டு என்று கேட்டால் கொடுப்பார்கள். அவை அலுவலகப் பயன்பாட்டுக்கென்றே உறுதியாகச் செய்யப்பட்டவை. முதலில் ஒரு கடையில் 9,000 ரூபாய்க்கு ஒரு பெட்டியைக் காட்டி, "ஐ5, ஹஜ்ரத், அருமையான சாமான்" என்றார்கள். கையில் பணத்தை எடுத்தேவிட்டேன். என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் இத்தொழிலில் இருக்கிறார். அவரிடம் தொலைபேசியில் கேட்டேன். "உஸ்தாத், ஐ5 என்பதைப் பார்க்காதீர்கள், அதற்குப் பின்னால் இருக்கும் எண்ணைப் படியுங்கள்" என்றார். 4570 என்று இருந்தது. அது நான்காம் தலைமுறை, 2013இல் வெளிவந்தது. எண்ணின் தொடக்கமே தலைமுறை: 8500 என்றால் எட்டு, 12100 என்றால் பன்னிரண்டு.

இந்த எண்ணுக்கு அப்படி என்ன முக்கியத்துவம் என்று கேட்கலாம். விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11ஐ முறைப்படி ஏற்கும் கணினிகள், இன்டெல் வகையில், பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. அதற்கு முந்தியவற்றைக் கடைக்காரர் குறுக்கு வழியில் ஏற்றிக் கொடுக்கலாம். நாளை அது மக்கர் செய்தால் பொறுப்பேற்க யாரும் வரமாட்டார்கள். கையில் பத்தாயிரம்தான் இருக்கிறது, பழையதே கதி என்பவர்கள் உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் வகைகளை இலவசமாக ஏற்றிக்கொள்ளலாம். கட்டுரை எழுத, அட்டவணை போட லிப்ரே ஆபீஸும் இலவசம்தான். ஆனால் வணிகவியல் பிள்ளைகளுக்கு வேண்டிய டேலி, விண்டோஸுக்கென்றே செய்யப்பட்டது என்பதை நினைவில் வையுங்கள்.

கடைசியில் நான் வாங்கியதன் கணக்கை அப்படியே தருகிறேன். 8500 எண்ணுடைய பெட்டி, 8 ஜி.பி. ரேம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யோடு 14,500 ரூபாய். 22 அங்குலப் புதிய திரை 6,500. யு.பி.எஸ். 2,800. வெப் கேமரா 1,100. விசைப்பலகையும் மௌஸும் 800. வைஃபை பிடிக்கும் சிறு கருவி 400. ஆக 26,100 ரூபாய். பெட்டியின் விலையை மட்டும் கேட்டுவிட்டு 15,000 ரூபாயோடு கடைக்குப் போயிருந்தால் பாதி வழியில் திரும்பியிருப்பேன். மடிக்கணினியில் இந்தத் துணைச் செலவுகள் எல்லாம் உள்ளடக்கம் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். இந்த விலைகளை இன்றைய விலையாகக் கொள்ளாதீர்கள்; 2025 இறுதியிலிருந்து ரேம் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியது. கடைக்காரர் அதைக் காரணம் காட்டினால் பொய் சொல்கிறார் என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

வாங்கிய பின்னும் ஒரு பிழை செய்தேன். கணினியை வாசலை ஒட்டிய முன்னறையில் வைத்தேன். காற்றோட்டமான இடம், யார் என்ன பார்க்கிறார்கள் என்பதும் கண்ணில் படும் என்று எண்ணம். ஆனால் அந்த அறையில்தான் என்னைக் காண வரும் ஆண்கள் வந்து அமர்வார்கள். அஸருக்குப் பின் ஒருவர், மஃரிபுக்குப் பின் இருவர் என்று ஆள் வந்துகொண்டே இருக்கும். ஆள் வந்தால் மகள் உள்ளே எழுந்து போய்விடுவாள். பத்து நாட்கள் கழித்து என் மனைவிதான் கேட்டாள்: "யாருக்கு வாங்கினீர்கள் இதை? வருகிற விருந்தாளிகளுக்கா?" அன்று மாலையே மேசையை உள்ளறைக்கு மாற்றினோம். பிள்ளைகளைக் கண்காணிக்க வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் நம் வீட்டுப் பெண்பிள்ளை எந்த அறையில் இரண்டு மணி நேரம் எழாமல் உட்கார முடியும் என்பதைப் பார்த்து இடம் ஒதுக்காவிட்டால், வாங்கியதும் வாங்காததும் ஒன்றே.

பழுது என்று வந்தால் மேசைக் கணினிக்கு நிகரில்லை. சென்ற ஆண்டு கடைக்குட்டி விசைப்பலகையின் மேல் தேநீரைக் கொட்டிவிட்டான். 450 ரூபாயில் வேறு வாங்கினேன், காரியம் முடிந்தது. மடிக்கணினியில் விசைப்பலகைக்கு நேர் கீழேதான் தாய்ப்பலகை இருக்கிறது. அங்கே தேநீர் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே அஞ்சுகிறேன். எங்களுடையது கடலோர ஊர். உப்புக் காற்று இரும்பு ஜன்னலையே தின்றுவிடும். கணினியின் இணைப்புமுனைகளில் பச்சை பூத்தால், பெட்டியைக் கழற்றித் துடைத்து மாட்ட ஊரிலேயே ஆள் இருக்கிறார். மடிக்கணினியென்றால் திருநெல்வேலிக்கோ தூத்துக்குடிக்கோ தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

மின்சாரம் போனால் மடிக்கணினி பேட்டரியில் ஓடும். மேசைக் கணினிக்கு யு.பி.எஸ். பத்து நிமிடம் தாங்கினால் பெரிது. எழுதியதைச் சேமித்துவிட்டு அணைக்க அது போதும். மின்கட்டணத்தை எண்ணி அஞ்சுகிறவர்களுக்கு ஒரு கணக்கு: திரையோடு சேர்த்து 100 வாட் என்று வைத்து, நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்திற்கு 24 யூனிட். மடிக்கணினி 40 வாட் என்றால் ஏறத்தாழ 10 யூனிட். வித்தியாசம் இவ்வளவுதான்.

திரை, கணினி எல்லாம் ஒன்றாக இணைந்த ஆல்-இன்-ஒன் என்று ஒரு வகை உண்டு. பார்வைக்கு அழகு. தூக்கிச் செல்லவும் முடியாது, எளிதில் கழற்றிப் பழுது பார்க்கவும் முடியாது. நம்மைப் போன்றவர்களுக்கு வேண்டாம்.

மடிக்கணினியே வேண்டாம் என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். விடுதியில் தங்கும் பிள்ளைக்கு அதுதான் பொருந்தும். ஆண்டுக்கொரு வாடகை வீடு மாறுகிறவர்களுக்கும், மேசை போட இடமில்லாத சிறு குடித்தனத்துக்கும், கணக்குப் புத்தகத்தோடு ஊர் ஊராகச் செல்லும் வியாபாரிக்கும் அதுவே. வாங்கும்போது ரேம் கூட்ட இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். பழையது வாங்கினால் பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கடையிலேயே அரை மணி நேரம் ஓட விட்டுப் பாருங்கள். லித்தியம் பேட்டரி ஆண்டுகள் செல்லச் செல்லத் தேயும் பொருள். வீட்டில் மணிக்கணக்காக வேலை செய்வோர், தனி விசைப்பலகை ஒன்றை மாட்டி, மடிக்கணினியை நான்கு தடித்த புத்தகங்களின் மேல் உயர்த்தி வைத்தால் கழுத்து பிழைக்கும். (எந்தப் புத்தகங்களை அடியில் வைப்பது என்பதில் கவனம் தேவை!)

வளைகுடாவிலிருந்து வாங்கி வரலாமா என்றும் அந்தச் சகோதரி கேட்டிருக்கிறார். பதினெட்டு வயது நிறைந்த பயணி ஒருவர் ஒரு மடிக்கணினியைச் சுங்க வரியின்றிக் கொண்டுவர அனுமதி உண்டு. அங்கே வாங்குவனவற்றில் ஆங்கிலத்தோடு அரபி எழுத்தும் பொறித்த விசைப்பலகை இருப்பது வழக்கம். ஓதிய பிள்ளைகளுக்கு அது ஒரு வசதிதான். அந்நாட்டு பிளக்கின் சதுர முனைகள் நம் சுவரில் நுழையா. வயரை மாற்ற வேண்டும், அது பெரிய செலவன்று. இங்கே பழுதானால் உத்தரவாதம் செல்லுமா என்பதே கேள்வி. உலகளாவிய உத்தரவாதம் என்று ரசீதில் எழுதி வாங்காமல் கணவர் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

தவணை பற்றியும் ஒரு சொல். 'வட்டியில்லாத் தவணை' என்று கடைகளில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். வங்கி தன் வட்டியைக் கணக்கில் போட்டுக்கொள்ள, அதே அளவு தொகையைத் தள்ளுபடி என்று கழித்துக் காட்டுவதே பெரும்பாலும் நடப்பது. கடன் அட்டைகளின் மேல் கொடுக்கப்படும் இத்தகைய பூஜ்ய வட்டித் திட்டங்களில், வட்டி செயல்பாட்டுக் கட்டணம் என்ற போர்வையில் மறைத்து வசூலிக்கப்படுகிறது என்று 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியே சுட்டிக்காட்டியது. ஆகவே கையில் உள்ள பணத்துக்கு எது கிடைக்குமோ அதை வாங்குங்கள். குறைந்தால் ஒரு மாதம் பொறுத்து வாங்குங்கள்.

இனி, சகோதரியே, உங்கள் 40,000 ரூபாய். அதை முழுவதுமாக மகனோடு சென்னைக்கு அனுப்பிவிடாதீர்கள். இதை எழுதினால் மகன் என்மேல் கோபப்படுவார். என் மகனும் பட்டான். முதலில் இரண்டு பெண்பிள்ளைகளுக்குமாகச் சேர்த்து, சீர்செய்யப்பட்ட மேசைக் கணினி ஒன்றை வீட்டில் போடுங்கள். எஞ்சும் பணத்தைத் தனியே வையுங்கள். மகன் கல்லூரியில் சேர்ந்து, அங்கே ஆய்வகம் எத்தனை மணி வரை திறந்திருக்கும், முதல் பருவத்தில் உண்மையில் என்ன தேவை என்று கேட்டு எழுதட்டும். முதல் ஆண்டுப் பாடத்தில் வரும் நிரல் எழுதும் பயிற்சிக்கு விலை உயர்ந்த இயந்திரம் தேவைப்படாது; அலுவலகங்களில் கழித்த எட்டாம் தலைமுறை மடிக்கணினி ஒன்றே தாங்கும். அதற்குக் குறையும் தொகையை உங்கள் கணவர் இரண்டு, மூன்று மாதங்களில் அனுப்பிவிட முடியாதா? மகன் சேர்வது அரசுக் கல்லூரி என்றால், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினி அல்லது டேப்லட் வழங்குவதாகத் தமிழக அரசு 2025 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. அதில் அவருக்கு இடமுண்டா என்பதையும் அலுவலகத்தில் விசாரித்துவிட்டுச் செலவு செய்யுங்கள்.

என் மகள் இப்போது வீட்டிலிருந்தபடியே பக்கத்துத் தெருத் துணிக்கடையின் கணக்கை மாதந்தோறும் டேலியில் எழுதிக் கொடுக்கிறாள். சென்ற விடுமுறையில் மகன் வந்தபோது அவனுடைய மடிக்கணினியின் பேட்டரி அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. ஓர் அறிக்கை அடிக்க வேண்டும் என்று தங்கையின் மேசைப் பக்கம் வந்து நின்றான். "கணக்கை முடித்துவிட்டுத் தருகிறேன் காக்கா" என்று அவள் சொன்னதும், வாசற்படியில் உட்கார்ந்து காத்திருந்தான்.

விடுதியில் சேர்க்கும்போது என்னென்ன கட்டணங்களுக்கு ரசீது கேட்டு வாங்க வேண்டும் என்று இரண்டு வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். அதை அடுத்த இதழில் எழுதுகிறேன், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.